லென்ஸ் மேல் விழுந்த விரல்

தம்பியின் வீடியோவில் விரல் விழுந்திருந்தது. அதைப் பார்த்ததும் கேமராக்காரருக்கு வந்த சந்தோஷத்தை வெளியே சொன்னால் வெட்கக்கேடு. மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாத மனிதர், ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்துகொண்டு, அந்த இடத்தை மறுபடியும் ஓட்டிப் பார்த்தார். திருமண வரவேற்பு. மேடையில் மணமக்கள். படத்தின் இடது மூலையிலிருந்து மங்கலாக ஒன்று ஏறி வந்து கால்வாசியை மூடிக்கொண்டது. செல்போனில் எடுக்கிற எல்லோரும் செய்கிற தப்பு. தன் விரல் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் வீடியோ எடுக்கக் கிளம்பிவிடுகிறார்கள்.

மாடியில் இருந்த அந்த எடிட்டிங் அறையில் பகல் மூன்று மணிக்கும் இருட்டுதான். திரையில் வெளிச்சம் விழுந்தால் நிறம் சரியாகத் தெரியாது என்பதால் ஜன்னல் முழுக்கக் கறுப்புத் துணி அடித்திருந்தார். கம்ப்யூட்டரின் காற்றாடி விடாமல் முனகிக்கொண்டிருந்தது. சூடான ஒயர் வாசனை, பழைய கேமரா பைகளின் வாசனை, அதற்கெல்லாம் அடியில் ஈரத் துணியைப் பெட்டிக்குள் போட்டு மறந்துவிட்டது போல ஒரு வாடை. அந்த வாடை அவருக்குப் பழக்கம். கேமராவில் கண் வைக்கிற இடத்து ரப்பர் மக்கிப்போய் வருகிறது என்று பல வருஷங்களுக்கு முன்பே முடிவு கட்டியிருந்தார். ரப்பரை நான்கு தடவை மாற்றியும் வாடை போகவில்லை என்பதை மட்டும் அவர் யோசித்ததில்லை.

இருபது வருஷமாக ஊரில் அவருக்கு இதுதான் பெயர். கேமராக்காரர். தோளில் ஏறினால் தோள் சாய்கிற கேமரா, தனிப் பெட்டியில் மூன்று லென்ஸ்கள், மைக், விளக்குகள். தம்பியோ டைல்ஸ் கடையில் விற்பனையாளன். போன வருஷம் ஒரு நல்ல செல்போன் வாங்கினான். அவ்வளவுதான். சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் அதைத் தூக்கிப் பிடித்தான். அன்று சாயங்காலமே எல்லோர் கைக்கும் அனுப்பினான். அண்ணன் எடுத்து, வெட்டி, நிறம் சேர்த்து ஒரு மாதம் கழித்துக் கொடுத்த வீடியோவை யாரும் முழுசாகப் பார்க்கவில்லை. தம்பியின் ஒன்றரை நிமிஷத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். கட்டிய மனைவியே தன் பிறந்தநாளுக்குத் தம்பி எடுத்த வீடியோத் துண்டைத்தான் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் காட்டினாள். "எவ்ளோ உயிரோட்டமா இருக்கு பாருங்க," என்று அவரிடமே காட்டினாள். அவருக்கு வயிறு எரிந்தது. நிஜமாகவே எரிந்தது. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார்.

அதற்கு மேல்தான் ஹால்காரம்மா வந்து சேர்ந்தார். ஊரின் பெரிய விழா ஹால் அவருடையது. இனி அங்கே நடக்கிற எல்லா நிகழ்ச்சிகளுக்கும் ஒரே ஆளை வைத்துக்கொள்ளப் போவதாகவும், வியாழக்கிழமை நடக்கும் வரவேற்பை அண்ணனும் தம்பியும் தனித்தனியாக எடுத்து, ஆளுக்கு இரண்டு நிமிஷம் வெட்டித் தந்தால் பார்த்து முடிவு செய்வதாகவும் சொல்லிவிட்டார். அந்த ஹால் கைவிட்டுப் போனால் கேமராக்காரருக்கு வேறு வேலை இல்லை. இதில் கொடுமை என்னவென்றால், தம்பி தான் எடுத்ததையெல்லாம் கொண்டுவந்து அண்ணனிடமே கொடுத்துவிட்டான். பெரிய திரையில் போடுகிற மாதிரி வெட்டத் தனக்குத் தெரியாது, நீங்களே பார்த்துச் செய்துவிடுங்கள் என்றான். ஒரு சந்தேகம்கூட இல்லாமல்.

கேமராக்காரர் மோசமான ஆள் இல்லை. ஆனாலும் தம்பியின் துண்டுகளில் எது மட்டமோ அதையெல்லாம் தேடிப் பிடித்து அவனுடைய இரண்டு நிமிஷத்தில் சேர்ப்பது என்று அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முடிவு செய்துதான் உட்கார்ந்தார். தேடத் தேட எரிச்சல்தான் மிச்சம். கை ஆடவில்லை. நிறம் கெடவில்லை. தான் விளக்கு போட்டு எடுத்த இடத்தை அவன் சும்மா எடுத்திருந்தான், அதுவும் நன்றாக இருந்தது. கடைசித் துண்டில்தான் இந்த விரல் கிடைத்தது. இதையே ஆரம்பத்தில் வைத்துவிட வேண்டியதுதான்.

நிறுத்தி, பெரிதாக்கிப் பார்த்தார்.

லென்ஸ் மேல் விரல் பட்டால் அது சிவப்பாகத் தெரியும். சதைக்குள் வெளிச்சம் புகுந்து ரத்தத்தின் நிறத்தோடு வரும். எத்தனை பேருடைய விரலைப் பார்த்திருக்கிறார். இது சிவப்பாக இல்லை. ஓரம் வரைக்கும் ஒரே சாம்பல் நிறம். அத்தனை விளக்கு எரிகிற ஹாலில் ஒரு துளி வெளிச்சம்கூட அதற்குள் நுழையவில்லை.

செல்போனின் நிறக் கோளாறு என்று சொல்லிக்கொண்டார். சொல்லி முடிப்பதற்குள் இன்னொன்று கண்ணில் பட்டது. மேடையில், மணமகனுக்குப் பக்கத்தில் நின்று, இந்தப் பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே ஆட்டிக்கொண்டிருப்பது தம்பி. செல்போனை ஒரு மேஜையில் சின்ன ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு வாழ்த்துச் சொல்ல மேலே போயிருக்கிறான்.

அப்படியென்றால் விரல் யாருடையது?

யாராவது குழந்தை வந்து தொட்டிருக்கும். அதற்கு முந்தைய துண்டைத் திறந்தார். அதற்கும் முந்தையதை. பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து வரிசையாக ஓட்டினார். இதுவரை அவர் பார்த்ததெல்லாம் குறை தேடுகிற பார்வை. கை ஆடுகிறதா, வெளிச்சம் அதிகமாகி வெளுத்துப்போகிறதா என்ற பார்வை. படத்தில் என்ன இருக்கிறது என்று இப்போதுதான் பார்த்தார். பெரும்பாலான துண்டுகளில் அவரேதான் இருந்தார். தோளில் கேமராவோடு கூட்டத்துக்குள் நடக்கிறார். முட்டி போட்டு உட்காருகிறார். மணமகளின் தாயார் கண்ணைத் துடைப்பதற்காகக் காத்திருந்து பிடிக்கிறார். தன்னை வேலையில் இப்படி அவர் பார்த்ததே இல்லை. எப்போதும் கேமராவுக்குப் பின்னால் இருக்கிறவரை யார் எடுப்பார்கள்?

அவருக்கு இடது பக்கத்தில் ஒரு கறுப்பு நின்றது.

முதலில் திரைச்சீலையின் நிழல் என்று நினைத்தார். அடுத்த துண்டில் அவர் ஹாலின் மறுபக்கம் இருந்தார். கறுப்பும் மறுபக்கம் இருந்தது. அவர் முட்டி போட்ட இடத்தில் அதுவும் தாழ்ந்திருந்தது. அவர் எழுந்தபோது எழுந்தது. கூட்டம் அவரைச் சுற்றி வழிவிட்டு நடந்தது. அதற்கும் சேர்த்துத்தான் வழிவிட்டது. ஆனால் ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பல வருஷமாக ஒருவரோடொருவர் வேலை செய்த இரண்டு பேர் இடித்துக்கொள்ளாமல் நடப்பார்களே, அப்படி அவரோடு ஒட்டி நடந்தது.

ஒரு துண்டில் அவர் செல்போனுக்கு நான்கடி தூரத்தில் இருந்தார். அதை நிறுத்தினார். பெரிதாக்கினார். செல்போன் படம்தானே, பெரிதாக்கியதும் கட்டம் கட்டமாக உடைந்தது. அந்த பயத்திலும், என் கேமராவாக இருந்தால் இப்படி உடையாது என்று ஒரு எண்ணம் வந்து போனது. கட்டங்களுக்கு நடுவே தலை மாதிரி ஒன்று தெரிந்தது, அவர் காதோரம் குனிந்து. அதிலிருந்து நீளமாக ஒன்று வந்து அவருடைய முகத்தின் இடது பக்கத்தில் பதிந்திருந்தது. இடது கண்ணின் மேல்.

கை.

கேமராக்காரர் மெதுவாகத் தன் இடது கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். படம் எடுக்கும்போது அந்தக் கன்னம் எப்போதும் ஜில்லென்று இருக்கும். ஏசி காற்று என்று நினைத்துக்கொள்வார். ஏசி இல்லாத இடங்களிலும் இருந்ததே.

தொழிலில் இருக்கிறவர்கள் இரண்டு கண்ணையும் திறந்து வைத்துத்தான் எடுப்பார்கள். வலது கண் கேமராவுக்குள், இடது கண் வெளியே. பக்கத்தில் யார் வருகிறார்கள், என்ன தடுக்குகிறது என்று அது பார்த்துக்கொள்ளும். இவர் மட்டும் ஆரம்பத்திலிருந்தே இடது கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். சக கேமராக்காரர்கள் ஒத்தக்கண்ணு என்று கிண்டல் செய்தார்கள். மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். மாறவில்லை. ஒரு வேடிக்கை உண்டு. கேமரா இல்லாத நேரத்தில் அந்தக் கண்ணைத் தனியாக மூட அவருக்கு வராது. கல்யாணமான புதிதில் மனைவி கண்ணடிக்கச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். முகமெல்லாம் கோணிக்கொண்டு இரண்டு கண்ணும் சேர்ந்து மூடும். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். இந்த லட்சணத்தில் எப்படிப் படம் எடுக்கிறீர்கள் என்றாள்.

இன்னும் பெரிதாக்கினார். கண்ணை மூடியிருந்த அந்த விரல்களுக்கு நடுவே ஒரு இடைவெளி. இடைவெளியில் வெள்ளையாக ஒரு புள்ளி. அதற்குள் ஒரு கறுப்புப் புள்ளி.

கண் மூடியிருக்கவில்லை. திறந்திருந்தது.

நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். இடது பக்கம் பார்த்தார். சுவர். கேமரா பைகள். ஒன்றுமில்லை. வாடைகூட இல்லை. மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். கொஞ்ச நேரம் முன்பு வந்ததாக நினைத்தது வெறும் ஞாபகம்தானோ என்று தோன்றியது. வியாழக்கிழமை ராத்திரியிலிருந்தே அது இல்லையோ? அன்று கடைசி அரைமணி நேரம் இடது கண் மூடவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. தண்ணீராகக் கொட்டியது. வயதாகிறது என்று நினைத்துக்கொண்டு எப்படியோ சமாளித்தார்.

உட்காராமல், நின்றபடியே மீதியை ஓட்டினார்.

பதினோராவது துண்டு. தம்பி செல்போனை ஸ்டாண்டோடு மேஜையில் வைத்திருந்தான். பக்கத்திலேயே கேமராக்காரர் நின்று மேடையை எடுத்துக்கொண்டிருந்தார். தூரத்தில் ஹால்காரம்மா தம்பியின் தோளைத் தட்டிச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அந்த இடம் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஸ்பீக்கரில் கூட்டத்தின் இரைச்சல், தட்டுகள் மோதும் சத்தம், எல்லாவற்றுக்கும் மேலே, மிக அருகில், அவருடைய சொந்தக் குரல். யாருக்கும் கேட்காது என்று நினைத்து முணுமுணுத்தது. செல்போன் அதையும் பிடித்து வைத்திருந்தது.

"இவன் கண்ணு அவிஞ்சு போகட்டும்."

அவர் காதோரம் குனிந்திருந்த தலை நிமிர்ந்தது. திரும்பியது. அவ்வளவு நேரத்தில் முதல் தடவையாக அவரை விட்டு வேறு எதையோ பார்த்தது. மேஜையில் இருந்த செல்போனை.

பன்னிரண்டாவது துண்டில் கேமராக்காரர் தனியாக நின்றார். இடது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பின்னால் மூன்று மேஜை தள்ளி அது. பதின்மூன்றில் இரண்டு மேஜை. பதினான்கில் ஒன்று. பதினைந்தில் தம்பியின் கையில் செல்போன் நடந்தது, திரும்பியது, மணமக்களைப் பிடித்தது. படத்தின் ஓரத்தில் துணி மாதிரி ஒன்று உரசிப் போனது. பதினாறு கடைசித் துண்டு. மேடையில் கையாட்டும் தம்பி.

அப்புறம் விரல்.

மேஜையில் கிடந்த அவருடைய போன் அடித்தது. தம்பி.

"அண்ணே, தெரு முனைக்கு வந்துட்டேன். மாடியிலதானே இருக்கீங்க?"

ஆமாம் என்றார். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. தம்பி நடந்துகொண்டே பேசினான். இரண்டு நாளாக இடது கண் தானாக மூடிக்கொள்கிறதாம். செல்போனைத் தூக்கிப் படம் எடுக்கப் போனால் போதும், மூடிக்கொள்கிறதாம். கன்னம் வேறு ஜில்லென்று இருக்கிறதாம். ஏதாவது தூசி விழுந்திருக்கும், திரும்பிப் போகிற வழியில் மருந்துக் கடையில் காட்டட்டுமா என்று கேட்டான்.

கேமராக்காரர் திரையில் நின்றிருந்த அந்த விரலையே பார்த்தார்.

"அப்புறம்ணே, ஹால்காரம்மாகிட்ட நேத்தே சொல்லிட்டேன். என் வீடியோ முழுக்க எங்கண்ணன் வேலை செய்யற அழகுதான், அதைப் பார்த்துட்டு அவரையே வெச்சுக்கங்கன்னு. எனக்கு எதுக்குண்ணே அந்த வேலை, எனக்குத்தான் கடை இருக்கே."

கேமராக்காரருக்கு உடம்பெல்லாம் கூசியது. ஓங்கி அறைந்தது போல இருந்தது. இங்கே வராதே, திரும்பிப் போ, அந்த செல்போனைத் தூக்கி எறி, யாரையாவது கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று சொல்ல வாயெடுத்தார். இத்தனையும் சொல்ல நேரம் இருந்தது. ஆனால் அந்தக் கூச்சத்துக்கும் அடியில், கையால் தொடக்கூடிய மாதிரி, வேறொன்று கிடந்தது. மூன்று நாளாக ஏன் அறை வெறிச்சென்று இருக்கிறது, ஏன் எதிலும் மனசு ஒட்டவில்லை என்று இப்போது புரிந்தது. இருபது வருஷம் தன் பக்கத்தில் நின்றது, தன் காதோரமே குனிந்திருந்தது, ஒரு செல்போனைப் பார்த்ததும் போய்விட்டது. அதுவும் அவனிடம்தான் போக வேண்டுமா?

"வா," என்றார்.

போனை வைத்துவிட்டுப் பெரிய கேமராவை எடுத்தார். ஸ்டாண்டில் ஏற்றினார். இருட்டில் எடுக்கும் லென்ஸைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டினார். கதவைப் பார்த்துத் திருப்பினார். ஒன்றும் இருக்காது என்று தெரிந்துகொள்ளத்தான் என்று சொல்லிக்கொண்டார். கை வழக்கம்போல வேலை செய்தது. திருகாணி. வெளிச்ச அளவு. பதிவுப் பொத்தான். சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது.

கீழே மனைவி தம்பியை வரவேற்று, காபி போடட்டுமா என்று கேட்கும் சத்தம். வேண்டாம் அண்ணி என்று அவன் சொல்லும் சத்தம். பிறகு படியில் செருப்புச் சத்தம். ஒரு அடி. அடுத்த அடி. இரண்டு அடிகளுக்கு நடுவே ஈரத் துணியைத் தரையில் இழுப்பது போல இன்னொரு சத்தம்.

வாடை முதலில் வந்தது.

கதவு திறந்தது. தம்பி வாசலில் நின்றான். அண்ணன் கேமராவோடு நிற்பதைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது. செல்போனைத் தூக்கினான்.

"அப்படியே இருங்கண்ணே. சூப்பரா இருக்கு. நானும் எடுக்கறேன்."

அவனுடைய இடது கண் இறுக மூடியிருந்தது. செல்போனில் எடுக்க யாருக்கும் கண்ணை மூடத் தேவையில்லை.

வெறும் கண்ணுக்கு அவன் தனியாகத்தான் நின்றான். கேமராக்காரர் குனிந்து வலது கண்ணை ரப்பரில் பதித்தார். இடது கண்ணை மூடப் பார்த்தார். மூடவில்லை. மூடி வைக்க ஆள் இல்லை. இருபது வருஷத்தில் முதல் தடவையாக இரண்டு கண்ணும் தெளிவாகத் திறந்திருந்தன. இடது கண்ணில், வாசலில் சிரிக்கும் தம்பி மட்டும்.

வலது கண்ணில் அது.

செல்போன் மாதிரி இல்லை. கட்டம் இல்லை. கலங்கல் இல்லை. லென்ஸ் வளையத்தை அரை விரல் அளவு திருப்பியதும் எல்லாம் துல்லியமாக வந்து நின்றது. சாம்பல் நிறத் தோலில் இருந்த ஒவ்வொரு சுருக்கமும். நகம் இல்லாத விரல் நுனிகள். தம்பியின் இடது கண்ணின் மேல் அந்த விரல்கள் அழுந்தியிருந்தன. விரல்களுக்கு நடுவே அவனுடைய கண், இமைக்காமல், திறந்து, அங்குமிங்கும் உருண்டு, அண்ணனைத் தேடிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே அவன் வாய் சிரித்தபடியே இருந்தது.

"நல்லா வருதாண்ணே?"

"வருது."

பொய் இல்லை. வாழ்நாளில் அவர் எடுத்ததிலேயே இதுதான் நல்ல ஷாட். எந்தச் செல்போனுக்கும் இது வராது. அவனுக்கு வரவே வராது. கேமராக்காரரின் நெஞ்சு படபடவென்று அடித்தது. அது பயம் மட்டும் இல்லை.

தம்பியின் காதோரம் இருந்த தலை மெதுவாக நிமிர்ந்து லென்ஸைப் பார்த்தது. பழைய ஆளை அடையாளம் தெரிந்துகொண்டது போல ஒரு கணம் நின்றது. பிறகு, படத்தின் ஓரத்திலிருந்து, அதன் இன்னொரு கை எழும்பியது. அவசரமே இல்லை. தம்பியின் தோளைத் தாண்டியது. கழுத்தைத் தாண்டியது. திறந்திருந்த வலது கண்ணை நோக்கிப் போனது.

தம்பி லேசாகத் தலையைத் திருப்பினான். படத்தில் பாதி முகம் மறைந்தது.

"அசையாதடா," என்றார் கேமராக்காரர்.

அண்ணன் சொன்னால் தம்பி என்றைக்கும் தட்டியதில்லை. அப்படியே நின்றான்.